வெஸ்டாவின் மேல்குரல்

வெஸ்டா ஸ்டர்ஜிலின் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருஷம் பாடியவன் நான். அவளைப் பற்றி எழுத அவள் புருஷன் பர்லுக்குத்தான் என்னைவிட உரிமை அதிகம். ஆனால் பர்ல் கடைக்குப் போகும்போது சாமான் பட்டியல்கூட எழுதிப் பழகாதவன். இப்போது அவன் உயிரோடும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் எஸ்டில். கென்டக்கியின் கிழக்கு மலையில் முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினேன். சனிக்கிழமைகளில் கிட்டார் வாசித்துப் பாடினேன்.

எங்கள் குழுவுக்கு வால்நட் க்ரீக் பாய்ஸ் என்று பெயர். ஐந்து பேரில் ஒருத்தி பெண். அவள் வந்து சேர்ந்தபோது பெயரை மாற்றலாமா என்று ஒரு பேச்சு வந்தது. வெஸ்டாதான் வேண்டாம் என்றாள்.

"போஸ்டர் அடிச்சு வச்சாச்சு, விடுங்க. தூரத்துலேர்ந்து பாத்தா பேஸ் பிடில்தான் தெரியும். அதுக்குப் பின்னாடி நான் எங்க தெரியப்போறேன்."

அவள் சொன்னது உண்மைதான். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கிற வாத்தியம் அது. அவளோ ஐந்தடி.

அந்தப் பேஸ் பிடில் முதலில் எங்கள் பழைய ஆள் ஒருவனுடையது. கார் தொழிற்சாலை வேலைக்காக அவன் டெட்ராய்ட்டுக்குப் போனான். வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினான், பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றினான், நாயைக்கூட ஏற்றினான். பேஸ் பிடில் மட்டும் ஏறவில்லை. பர்ல் வீட்டு முன்னறையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான். துணி காயப்போட வந்தவள் மாதிரி வெஸ்டா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு வாரம் கழித்து நாங்கள் பயிற்சிக்குப் போனபோது அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தது.

"பேஸ் வாசிக்க என்ன பெரிய வித்தை வேணும்," என்றான் பர்ல். "ஒரு விரலும் பொறுமையும் இருந்தாப் போதும். இவளுக்குப் பொறுமை நெறைய. என்னைக் கட்டிக்கிட்டாளே."

"விரலும் இருக்கு," என்றாள் வெஸ்டா. "எதைக் காட்டட்டும்?"

பர்ல் நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்து, சுரங்கத்திலேயே வேலை பார்த்தவன். மேல்வரிசை வீடுகளில் கறுப்பினத் தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களில் லூதர் என்பவர் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவும்முன் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை எடுப்பாராம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான், ஆனால் நான்கு கை வாசிப்பது போலக் கேட்குமாம். பர்லின் பாஞ்சோ வாசிப்பில் முதல் இரண்டு விரல்கள் அவர் கொடுத்தவை. மூன்றாவது விரலை அவன் இசைத்தட்டுகளிலிருந்து கற்றான். தட்டின் ஓரத்தை விரலால் அழுத்தி, வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு தந்தியாக எண்ணிக் கேட்பான்.

பிடில் வாசித்த க்ரீட் முடிதிருத்துபவர். அவருடைய மாமனார் அந்தப் பக்கத்து வீடுகளில் நடக்கிற நடனக் கூட்டங்களுக்கெல்லாம் பிடில்காரர். பெண் பார்க்கப் போனவர் பெண்ணைவிடப் பிடிலைத்தான் அதிக நேரம் பார்த்தார் என்று அவர் மனைவியே எங்களிடம் சொல்லியிருக்கிறாள். மாண்டலின் வாசித்த ட்வைட் கணக்கு வாத்தியார். கோடையில் அவனுடைய சபையில் பாட்டுப் பள்ளி நடக்கும். ஸ்வரங்களை முக்கோணம், சதுரம், வட்டம் என்று வடிவமாக அச்சடித்த புத்தகத்தை வைத்து, மெட்டு ஒரு குரல், அதற்கு மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ட்வைட் அதைப் பின்னக்கணக்கு மாதிரி பிரித்துவிடுவான். நான் ராணுவத்தில் இருந்தபோது, ஜெர்மனியில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜார்ஜியாக்காரன் ஒருவனிடம் கிட்டார் கற்றேன். என்னுடைய கதை அவ்வளவுதான்.

வெஸ்டா வந்த வழியே வேறு. அவள் அப்பா எலைஹு பழைய பாப்டிஸ்டு சபையின் மூப்பர். அந்தச் சபையில் வாத்தியம் கிடையாது. பாட்டுப் புத்தகத்தில் ஸ்வரமும் கிடையாது. மூப்பர் ஒரு வரியை வேகமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அதையே சபை முழுதும் மெதுவாக, நீளமாக இழுத்துப் பாடும். ஆளுக்கு ஒரு விதமாக வளைப்பார்கள், ஆனால் எல்லோருக்கும் மெட்டு ஒன்றுதான். மேல்குரல் கீழ்க்குரல் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே வெஸ்டாவுக்கு ஒன்பது வயது வரை தெரியாது. ஒரு நாள் பக்கத்து வீட்டு ரேடியோவில் இரண்டு பேர் சேர்ந்து பாடுவதைக் கேட்டாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைப் பாடுகிறார்கள், ஒரே பாதையில் நடக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் சொன்னாளாம், "ரோ, அவங்க ஒருத்தர் தோள்ல ஒருத்தர் ஏறி நின்னு பாடுறாங்க."

அக்கா ரோவீனா மூன்று வயது பெரியவள். அவளுக்குச் சபைப் பாட்டின் மெட்டுகள் எல்லாம் மனப்பாடம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் மாட்டுக்கொட்டகை வேலை இந்த இரண்டு பேருக்கும்தான். அப்பா காதில் விழாத இடமும் அந்தக் கொட்டகைதான். அங்கே அக்கா மெட்டைப் பிடிப்பாள், தங்கை மேலே ஏறுவாள். அவர்களிடம் லில்லி என்று ஒரு பசு இருந்தது. அடிக்கடி மலைப்புதருக்குள் போய்த் தொலைந்துவிடும். ஒரு சாயங்காலம் அதைத் தேடிக்கொண்டு போனபோது ரோவீனா ஒரு சபைப் பாட்டின் மெட்டில் வார்த்தை கட்டினாள். "இருட்டுமுன்னே வா லில்லி, இருட்டுமுன்னே வா. கதவு தொறந்தே கெடக்குது, இருட்டுமுன்னே வா." பசு வந்ததா என்று எனக்குத் தெரியாது. பாட்டு நிலைத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் வெஸ்டா எங்களோடு சேர்ந்தாள். எனக்கு மெட்டு, அவளுக்கு மேல்குரல், ட்வைட்டுக்குக் கீழ்க்குரல் என்று அமைந்தது. ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரும் நிற்போம். பேஸ் பிடிலை விட்டு நகர முடியாததால் அவள் அதன் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பாடுவாள். அந்தக் குரலில் இனிப்பு குறைவு. குளிர்காலக் காலையில் கிணற்று நீரைக் குடித்த மாதிரி பல்லில் கூசும். ஆனால் ஒரு தடவை கேட்டவர்கள் மறுபடி கேட்க வருவார்கள்.

லில்லி பாட்டை அவள்தான் எங்களுக்குக் கொடுத்தாள். ஜனங்கள் அதைக் கேட்டு அழுதார்கள். யாரோ செத்துப்போன பெண்ணைப் பற்றிய பாட்டு என்று நினைத்தார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு அம்மாள் வெஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் விடவில்லை. அது பசு மாடு என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

அறுபத்தாறில் மாவட்டத் தலைநகர் ரேடியோவில் சனிக்கிழமை மத்தியான நிகழ்ச்சி ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. மூன்றாவது வாரமே லில்லி பாட்டைப் பாடினோம். மூப்பர் எலைஹு கோழித் தீவனம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. மகளின் குரலுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது மெட்டுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே வரி சொல்லிக்கொடுக்கிற பாட்டின் மெட்டு. அதில் அவருடைய பசு மாடு.

திங்கட்கிழமை வெஸ்டா ஆப்பிள் வைத்து ஒரு பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனாள். பர்லும் நானும் வண்டியில் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் வாசலிலேயே நின்று பேசியதால் எல்லாம் காதில் விழுந்தது. அவர் கத்தவில்லை.

"நீ வரலாம்மா. எப்ப வேணா வா. இது உன் வீடு. அந்தப் பாட்டு மட்டும் என் வாசல் ஏற வேணாம்."

"நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்ப கட்டினதுப்பா அது."

"நாங்கன்னா யாரு? ரோவீனாவக் கேட்டேன். அவளுக்கு அந்தப் பாட்டே தெரியாதுங்கறா. நீயே கட்டினதுங்கறா."

ரோவீனா அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். கல்யாணம் ஆகிப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தாள், அப்பாவுக்குச் சமைத்துப்போட வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், தலை நிமிரவில்லை. வெஸ்டா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாப்பா, நான்தான் கட்டினேன்," என்று சொல்லிப் பலகாரத் தட்டை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் பர்ல் கேட்டான், "ஏன் அப்படிச் சொன்னே? பாட்டு அவளோடதுதானே?"

"அப்பா முன்னாடி அவளைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா? நீ வண்டிய எடு."

அடுத்த வருஷம் ரோவீனாவின் புருஷனுக்கு ஒஹையோவில், டேட்டன் நகரத்தில், குளிர்சாதனப் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் வீடு பார்த்த பகுதியில் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வரும், பிள்ளைகளின் படத்தோடு.

அதற்குப் பிறகுதான் வெஸ்டாவிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தேன். பாட்டைத் தொடங்கும்போது அவள் ஒரு மயிரிழை தாமதித்துத்தான் சேருவாள். கணக்கு வாத்தியாருக்கு அது பொறுக்கவில்லை.

"வெஸ்டா, நீ ஒவ்வொரு தடவையும் பின்தங்கி வர்றே."

"தெரியும் ட்வைட்."

"தெரிஞ்சா சரி பண்ணக் கூடாதா?"

"ரோ பாடறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பா, சத்தமா. அதக் கேட்டுட்டுத்தான் நான் ஏறுவேன். அது இல்லாம எப்ப ஏறணும்னு தெரியல. பழகிடும்."

பழகவில்லை. அவளுக்குத் தெரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். பஸ்ஸைக் காலியாகத் திருப்பி ஓட்டிவரும்போது தனியாக மூச்சிழுத்துப் பழகினேன். அடுத்த சனிக்கிழமை மைக்கின் முன்னால் அப்படியே இழுத்தேன். பாட்டு முடிந்ததும் வெஸ்டா என் காதோரம் வந்தாள்.

"எஸ்டில், உனக்கு ஆஸ்துமாவா?"

மேடையிலேயே சிரித்தாள். ஆனால் அந்தப் பாட்டில் அவள் சரியான நேரத்தில் ஏறியிருந்தாள். அதனால் நான் நிறுத்தவில்லை. ஒன்பது பத்து வருஷம் அப்படியே இழுத்தேன். என் மனைவி, "குதிரை மாதிரி ஏன் சீறுறீங்க," என்று கேட்பாள்.

எழுபத்தொன்று மார்ச்சில் மழை கொட்டிய ஒரு சாயங்காலம், ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் பாடினோம். கூட்டம் குறைவு. லில்லி பாட்டின் மூன்றாவது அடியில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் குரலும் அவள் குரலும் ஒட்டிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவிலிருந்து மூன்றாவதாக ஒரு ரீங்காரம் எழுந்தது. நான் பாடவில்லை, அவளும் பாடவில்லை, அது தானாகப் பாடியது. கூடப்பிறந்தவர்களுக்கு அது சுலபமாக வரும் என்பார்கள். எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெஸ்டா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம். பார்த்ததும் அது அணைந்துவிட்டது. அவள் பார்க்கத் திரும்பியது என்னை இல்லை. அடுத்த அடியிலேயே ரீங்காரமும் போய்விட்டது. மறுபடி அது வரவேண்டும் என்று நான் எத்தனை மேடைகளில் எப்படியெல்லாம் பாடிப்பார்த்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவுக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் வெஸ்டா ஒரே விஷயத்தைக் கேட்பாள். கோடையில் வா, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், கொட்டகை இன்னும் அப்படியே இருக்கிறது, ஒரு தடவை சேர்ந்து பாடலாம். பதில் சுருக்கமாக வரும். ஒரு கடிதத்தை எங்களிடம் படித்துக் காட்டினாள். "இப்போது என்னால் பாட முடியாது, வெஸ்டி. நீ பாடு."

"சபைக்குப் பயப்படுறா," என்றார் க்ரீட்.

"அப்பாவுக்குப் பயப்படுறா," என்றாள் வெஸ்டா. "எரநூறு மைல் தள்ளிப் போயும் பயம் போகல பாரு."

எழுபத்தெட்டு அக்டோபரில் டேட்டனில் ஒரு மன்றத்தார் எங்களை அழைத்தார்கள். மலையிலிருந்து வேலைக்குப் போனவர்கள் நடத்துகிற மன்றம். சனிக்கிழமை பாடிவிட்டு, ஞாயிறு மத்தியானம் ரோவீனாவைப் பார்க்கப் போவது என்று வெஸ்டா முடிவு செய்தாள். சொல்லாமல் போகலாம் என்றாள். சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்வாள் என்று பயம். ட்வைட்டும் க்ரீட்டும் விடுதியில் தங்கிக்கொள்ள, நாங்கள் மூன்று பேரும் வேனில் கிளம்பினோம். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக இருந்த தெருவில் இரண்டு தடவை வழி தவறினோம். வெஸ்டா ஜன்னல் கண்ணாடியை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன சொல்லணும் முதல்ல?" என்று கேட்டாள்.

"பசிக்குதுன்னு சொல்லு," என்றான் பர்ல். "எனக்கு நெஜமாவே பசிக்குது."

கதவைத் திறந்தது ரோவீனாதான். தலை நரைத்திருந்தது. கழுத்தில் குறுக்காக ஒரு தழும்பு, மெல்லிய கயிறு கட்டின மாதிரி. வெஸ்டாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

முதலில் அழுகை அடைத்துக்கொண்டது என்றே நினைத்தோம். உள்ளே போய் உட்கார்ந்து, அவள் மறுபடி பேசியபோதுதான் புரிந்தது. அவளுக்கு இருந்தது அவ்வளவுதான். உதடு அசையும், இலை உரசுகிற சத்தம் வரும். அடுப்பில் கொதிக்கிற பீன்ஸ் சட்டியின் சத்தம் அதைவிடப் பெரியதாக இருந்தது. அவள் போய் அடுப்பை அணைத்தாள்.

எழுபதில் தொண்டையில் கட்டி வந்ததாம். பேச்சு நரம்பைச் சுற்றி வளர்ந்திருந்ததால் நரம்போடுதான் எடுக்க முடிந்ததாம். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்களாம்.

"எட்டு வருஷம்," என்றாள் வெஸ்டா. "எட்டு வருஷமா எனக்குச் சொல்லல."

"சொன்னேனே. பாட முடியாதுன்னு எழுதினேனே."

"நீ அப்பாவுக்குப் பயந்துதான் அப்படி எழுதுறேன்னு நான் நெனச்சேன்."

"தெரியும். நீ அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்னு உன் லெட்டர்லேயே தெரிஞ்சுது." ரோவீனா மூச்சு வாங்கிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் மேசைமேல் குனிந்து கேட்டோம். "இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் நான் ஊமை. நீ ஒருத்திதான் வா பாடலாம் வா பாடலாம்னு எழுதிட்டிருந்தே. ஒரு ஆளாவது என்னைப் பாடறவளா நெனச்சிட்டிருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

வெஸ்டா எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றாள். பர்ல் தொப்பியைக் கையில் சுற்றினான். ரோவீனா சோளரொட்டியை வெட்டி எங்கள் தட்டுகளில் வைத்தாள். பிறகு தங்கையின் முதுகைத் தொட்டாள்.

"அன்னைக்கு அப்பா கேட்டப்ப, பாட்டு எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அப்ப எனக்குத் தொண்டை இருந்துது. இருந்தும் பேசல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு ரோ."

"அதப் பாடு. கேக்கணும்."

வெஸ்டா உட்கார்ந்து தொடங்கினாள். வந்தது மேல்குரல். வேறு எப்படி வரும்? லில்லி பாட்டை வாழ்நாளில் அவள் பாடியது அந்த ஒரு வழியில்தான். அடியில் மெட்டு இல்லாமல் அந்தக் குரலை நான் அன்றுதான் தனியாகக் கேட்டேன். சுவர் இல்லாத வீட்டுக்குக் கூரை போட்ட மாதிரி அது அந்தரத்தில் நின்றது. இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தினாள்.

"மெட்டு உன்னோடது. எனக்கு அது வரல."

நான் வாயைத் திறந்தேன். மெட்டு என்னிடம் இருந்தது. பதிமூன்று வருஷமாகப் பாடுகிறவன். மேசைக்கு அடியில் பர்லின் பூட்ஸ் என் காலை நசுக்கியது. வாயை மூடிக்கொண்டேன். அவன் செய்தது சரிதான், ஆனால் அன்று எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்றும் நினைவிருக்கிறது.

ரோவீனா தங்கைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தமாக ஒரு மூச்சை இழுத்தாள். அது மட்டும் பழையபடியே இருந்திருக்க வேண்டும், வெஸ்டாவின் தோள் தூக்கிப் போட்டதை நான் பார்த்தேன். ரோவீனாவின் உதடுகள் அசைந்தன. விரலால் மேசையில் மெட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுக் காட்டினாள். வெஸ்டா அந்த உதட்டையும் விரலையும் பார்த்தபடி, தடுமாறி, இரண்டு இடத்தில் தப்பி, மெட்டைப் பாடினாள். தப்பின இடங்களில் அக்கா தலையை ஆட்டி மறுபடி கோடு போட்டாள். அப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை தப்பவில்லை.

பீன்ஸ் ஆறிப்போயிருந்தது. பர்ல் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

திரும்பும் வழியில் வெஸ்டா ஆற்றுப் பாலம் தாண்டியபிறகு சொன்னாள்.

"எஸ்டில், இனிமே லில்லி பாட்டுல மெட்டு நான் எடுத்துக்கறேன். உனக்கு வருத்தமில்லையே?"

"எனக்கென்ன வருத்தம்," என்றேன்.

ஒரு பாட்டு என்றுதான் தொடங்கியது. அடுத்த கோடைக்குள் பாதிப் பாட்டுகளில் மெட்டு அவளுடையதாகிவிட்டது. பிறகு எல்லாவற்றிலும். ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. மேல்குரலை ட்வைட் எடுத்துக்கொண்டான். சுத்தமான குரல், ஒரு பின்னம்கூடப் பிசகாது. எனக்கு அந்த உயரம் எட்டாது என்பதால் கீழ்க்குரல் வந்தது. கீழ்க்குரலை யாரும் தனியாகக் கேட்பதில்லை. வெஸ்டா இப்போது மயிரிழைகூடத் தாமதிக்கவில்லை. மூச்சை அவளே சத்தமாக இழுத்து அவளே தொடங்கினாள். என்னுடைய மூச்சு யாருக்கும் தேவைப்படவில்லை.

எழுபத்தொன்பது ஆகஸ்டில் ரோவீனா ஊருக்கு வந்தாள். குடும்பக் கல்லறையில் வருஷாவருஷம் நடக்கிற நினைவுக் கூட்டத்துக்கு. மூப்பர் எலைஹுவுக்கு எண்பது வயது, காது ஏறக்குறைய போய்விட்டது. மகள் குனிந்து அவரிடம் பேசினாள். அவர் அவள் உதட்டையே பார்த்துவிட்டு எரிச்சல்பட்டார்.

"எல்லாரும் இப்ப முணுமுணுன்னுதான் பேசுறீங்க. வாயத் தொறந்து பேசக் கூடாதா?"

ரோவீனா சிரித்தாள். வெஸ்டாவும் சிரித்தாள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் எழுந்து வரி சொன்னபோது பெண்கள் பக்கத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். வெஸ்டாவின் குரல் எங்கே முடிகிறது என்று மற்றவர்களின் குரல்களுக்குள் பிரித்தெடுக்க முடியவில்லை. அங்கே மேல்குரல் கிடையாது.

அதற்கு முந்தின நாள் எங்கள் நிகழ்ச்சிக்கு ரோவீனா வந்திருந்தாள். நெருப்பணைப்பு நிலையத்துக்கு நிதி திரட்ட நடந்தது. மடக்கு நாற்காலியில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். முடிந்ததும் எல்லோரும் வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கும்போது என்னிடம் வந்தாள். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நீங்கதானே இவ்வளவு வருஷமா என் எடத்துல நின்னவரு?"

"ஆமாங்க."

"உங்க பேரை லெட்டர்ல படிக்கிறப்பல்லாம் எனக்கு வயிறு எரியும்."

"எனக்கும்தாங்க," என்றேன். "உங்க பேரைக் கேக்கறப்பல்லாம்."

அவள் என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். என் வாழ்க்கையில் நான் மனசைத் திறந்து சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான் என்று நினைக்கிறேன். அதையும் சம்பந்தப்பட்டவளிடம் சொல்லவில்லை.

எண்பத்தேழில் பர்லின் நுரையீரலில் நிலக்கரித் தூசு முற்றிவிட்டது. உட்கார்ந்து வாசித்தான், பிறகு அதுவும் முடியவில்லை. பாஞ்சோ இல்லாத குழுவை நடத்த எங்களுக்கு மனமில்லை. பர்ல் போனது எண்பத்தொன்பதில். அடுத்த வசந்தத்தில் வெஸ்டா டேட்டனுக்குப் போய்விட்டாள். ரோவீனாவும் அப்போது தனிக்கட்டை. பேஸ் பிடிலை உயர்நிலைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். நான்தான் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தொலைபேசியில் கூப்பிடுவாள். ரோவீனாவின் பேச்சு கம்பியில் கேட்காது. அதனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதை வெஸ்டா எனக்குத் திருப்பிச் சொல்வாள். க்ரீட் கடையை மகனிடம் விட்டுவிட்டாரா, ட்வைட் இன்னும் எல்லோரையும் திருத்துகிறானா என்று விசாரிப்பாள். நானும் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பேச்சுக்கு நடுவில் சில சமயம் ஒரு இடைவெளி விழும். நான் மெட்டை எடுக்கிறேன், நீ ஒரே ஒரு அடிக்கு மேல்குரல் பாடு என்று கேட்டுவிடலாமா என்று ரிசீவரைக் காதில் வைத்தபடியே யோசிப்பேன். அதற்குள் அவள், "அங்க மழை பேஞ்சுதா எஸ்டில்?" என்பாள். பெய்தது என்பேன், அல்லது பெய்யவில்லை என்பேன்.